நாகலாபுரத்துத் தெருவில் ஒரு துருக்கிப் பாடம்

ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் பெயர்ப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேச்சு அப்படி ஒரே கோட்டில் மாறுவதில்லை. சென்னையிலிருந்து திருப்பதி போகும் பேருந்தில் பெரியபாளையத்திலிருந்து தமிழில் பேசிக்கொண்டு வந்த பெண்கள், சுருட்டப்பள்ளியில் ஏறிய உறவுக்காரரிடம் தெலுங்கில் நலம் விசாரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தமிழைத் தொடர்ந்தார்கள். இந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே நான் நாகலாபுரத்துக்குப் போனேன். என் கையில் இருந்தது துருக்கி மொழிப் பாடக் குறிப்பேடு.

துருக்கி மொழிக்கும் நாகலாபுரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ரத்த உறவு எதுவும் இல்லை. ஆனால் எந்த மொழியைக் கற்கத் தொடங்கினாலும் முதலில் வரும் பாடங்களில் ஒன்று, "எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்பது. துருக்கியில் அந்தப் பாடத்தை ஆங்கில வழியாகப் படித்தால் விதிமேல் விதியாக அடுக்குகிறார்கள். முன்னால் வரவேண்டிய சொல் பின்னால் ஒட்டுகிறது என்கிறார்கள், "இருக்கிறது" என்பதற்கு வினையே கிடையாது என்கிறார்கள், உயிரெழுத்துக்குத் தக்கபடி விகுதி நிறம் மாறும் என்கிறார்கள். தமிழும் தெலுங்கும் பேசுகிற ஒருவருக்கு இதில் எது புதுமை, எது ஏற்கெனவே வாயில் இருப்பது என்பதைத் தெருவில் நின்று சரிபார்க்க எனக்கு ஆசை. இரண்டு மொழியும் ஒரே வாயில் புழங்கும் ஊர் அதற்குத் தேவைப்பட்டது.

ஒரு விகுதி, நாலு உருவம்

பேருந்திலேயே பாடம் தொடங்கிவிட்டது. வழியில் வரும் ஊர்ப்பெயர்களை எல்லாம் துருக்கியில் "-இல்" போட்டுச் சொல்லிப் பார்த்தேன். நம் ஏழாம் வேற்றுமை உருபுக்கு இணையாகத் துருக்கியில் இருப்பது "த" என்னும் விகுதி. அதைப் பெயரின் கடைசியில் ஒட்டவேண்டும். ஊர், நாடு, ஆள் போன்ற சிறப்புப் பெயர் என்றால் பெயருக்கும் விகுதிக்கும் நடுவில் ஒரு மேற்புள்ளிக் குறி போடுவது அவர்கள் எழுத்து மரபு. அதையே நானும் பின்பற்றுகிறேன்.

நாகலாபுரம்’த என்றால் நாகலாபுரத்தில். புத்தூர்’த என்றால் புத்தூரில். ஆனால் சுருட்டப்பள்ளி’தெ, திருப்பதி’தெ. இங்கே "த" என்பது "தெ" ஆகிவிட்டது. காரணம் பெயரின் கடைசி உயிர். துருக்கி மொழிக்கு எட்டு உயிர்கள். நாலு உயிர்கள் நாக்கின் பின்பக்கத்தில் பிறப்பவை, நாலு முன்பக்கத்தில் பிறப்பவை. அ, உ போன்றவை பின்னுயிர். எ, இ போன்றவை முன்னுயிர். பெயர் பின்னுயிரில் முடிந்தால் விகுதியும் பின்னுயிரோடு வரும். முன்னுயிரில் முடிந்தால் முன்னுயிரோடு வரும். உயிரிசைவு என்று இதைச் சொல்லலாம். துருக்கி மொழியின் முதுகெலும்பு இதுதான்.

அடுத்தது மெய். பெயர் க், ப், ஸ், ஷ் போன்ற வல்லோசையில் முடிந்தால் மெலிந்த "த" வலிந்து "த்த" ஆகும். சென்னைக்குப் பழைய பெயரைச் சொன்னால் மத்ராஸ்’த்த. இப்போது பேருந்து நுழைந்த மாநிலத்தைச் சொன்னால் ஆந்திரப் பிரதேஷ்’த்தெ. அந்தப் பெயரின் கடைசி உயிர் முன்னுயிர், கடைசி மெய் வல்லோசை. ஆகவே இரண்டு விதியும் சேர்ந்து வேலை செய்கின்றன. நாகலாபுரம், சுருட்டப்பள்ளி, மத்ராஸ், ஆந்திரப் பிரதேஷ் ஆகிய நாலு பெயர்களைச் சொல்லத் தெரிந்தால் துருக்கியின் ஏழாம் வேற்றுமை முழுவதும் கைவசம் வந்துவிடுகிறது.

இந்த மெலிவும் வலிவும் நமக்குப் பழக்கமானவை. "வந்தான்" என்பதில் வரும் த மெலிந்து ஒலிக்கிறது, "பத்து" என்பதில் வருவது வலிந்து ஒலிக்கிறது. தமிழ் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதிவிட்டு, பக்கத்து மெய்யைப் பார்த்து ஒலிக்கச் சொல்கிறது. துருக்கியோ அதே ஓசை மாற்றத்துக்கு இரண்டு எழுத்து வைத்திருக்கிறது. 1928இல் முஸ்தபா கெமால் அத்தாதுர்க்கின் ஆட்சியில் அரபு எழுத்தைக் கைவிட்டு, 29 எழுத்துகள் கொண்ட லத்தீன் அரிச்சுவடிக்கு அந்நாடு மாறியது. ஒலிப்பது போலவே எழுதவேண்டும் என்பது அந்தச் சீர்திருத்தத்தின் நோக்கம். அதனால்தான் இந்த நாலு உருவமும் எழுத்திலும் நாலாகவே நிற்கின்றன.

தமிழ் எதிர்த்திசையில் போகிறது என்பதையும் சொல்லவேண்டும். நம் "-இல்" எந்த ஊருக்கும் மாறாது. ஊரின் பெயர்தான் மாறும். நாகலாபுரம், நாகலாபுரத்தில் ஆகிறது. வீடு, வீட்டில் ஆகிறது. துருக்கியில் ஊர்ப்பெயர் அசையாமல் நிற்க, விகுதிதான் அதற்கேற்ப உடை மாற்றிக்கொள்கிறது.

வேதநாராயணர் சந்நிதியில்

நாகலாபுரம் என்றாலே வேதநாராயண சுவாமி கோயில்தான். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சிக்காலம் 1509 முதல் 1529 வரை) தம் தாய் நாகலாதேவியின் பெயரால் இந்த ஊரையும் கோயிலையும் உருவாக்கினார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. 1967 முதல் கோயில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. பெருமாள் மச்ச அவதாரக் கோலத்தில், ஸ்ரீதேவி பூதேவியோடு மேற்கு நோக்கி நிற்கிறார். சோமகாசுரனிடமிருந்து வேதங்களை மீட்டவர் என்பதால் வேதநாராயணர். பங்குனியை ஒட்டி மூன்று நாள், சாயங்கால வெயில் நேராகச் சந்நிதிக்குள் பாய்ந்து, முதல் நாள் திருவடி, இரண்டாம் நாள் நாபி, மூன்றாம் நாள் திருமுகம் என்று படிப்படியாக ஏறும். சூரிய பூஜை என்று அதைப் பெருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

பிராகாரத்தில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தேன். பாடத்தின் தலைக்கேள்வி: "நெரெதெ ஒத்துருயோர்சுனுஸ்?" எங்கே குடியிருக்கிறீர்கள்? பதில்: "நாகலாபுரம்’த ஒத்துருயோரும்." நாகலாபுரத்தில் குடியிருக்கிறேன்.

இந்த "ஒத்துர்" என்னும் வினையடிக்கு முதற்பொருள் உட்கார்வது. குடியிருப்பது அதன் அடுத்த பொருள். ஆங்கில வழியில் படிப்பவர்களுக்கு இது ஒரு விநோதம். பெருமாள் கோயிலுக்குப் போகிற தமிழருக்கு அப்படியில்லை. நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்கிறோமே, அங்கே "இருந்த" என்றால் அமர்ந்த என்றுதான் அர்த்தம். அதே "இரு"வைத்தான் "நாங்க அம்பத்தூர்ல இருக்கோம்" என்று குடியிருப்பதற்கும் சொல்கிறோம். துருக்கியும் தமிழும் இந்த ஒரு வினையில் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன.

மற்ற இரண்டு கோலத்தையும் துருக்கியில் சொல்லலாம். நாகலாபுரத்துப் பெருமாள் "அயாக்த்த துருயோர்", அதாவது நின்றுகொண்டிருக்கிறார். "அயாக்" என்றால் கால். அதோடு "த்த" சேர்ந்து "காலில்" என்றாகி, நிற்கும் நிலையைக் குறிக்கிறது. வல்லோசைக்குப் பின் விகுதி வலிந்திருப்பதைக் கவனியுங்கள். ஆரணியாற்றங்கரையில் சுருட்டப்பள்ளியில் இருக்கும் பள்ளிகொண்டேஸ்வரர், ஆலகால விஷத்தை உண்டபின் பார்வதியின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் சிவன். அவருக்கு "யாத்துயோர்", படுத்திருக்கிறார். இதே மண்டலத்துக்குள் ஒரு பெருமாள் நிற்க, ஒரு சிவன் கிடக்க, பாடத்துக்கு வேண்டிய மூன்று வினையும் கிடைத்துவிட்டன.

இப்போது அந்த வினையைப் பிரித்துப் பார்ப்போம். ஒத்துர் + உயோர் + உம். இரு + க்கிற் + ஏன். வினையடி, காலம் காட்டும் இடைநிலை, ஆளைக் காட்டும் விகுதி. பகுதி, இடைநிலை, விகுதி என்று பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் படித்த எவரும் துருக்கி வினையை முதல் பார்வையிலேயே பிரித்துவிடலாம். ஒத்துருயோரும், இருக்கிறேன். ஒத்துருயோர்சுன், இருக்கிறாய். ஒத்துருயோருஸ், இருக்கிறோம். ஒத்துருயோர்சுனுஸ், இருக்கிறீர்கள். "நான்", "நீங்கள்" என்று தனியே சொல்லவேண்டிய அவசியமில்லை. விகுதியே ஆளைச் சொல்லிவிடும். தெரியாதவரிடமும் மூத்தவரிடமும் பன்மையில் கேட்பதுதான் மரியாதை என்பதும் நம் வழக்கமே.

ஓரிடத்தில் நம்மைவிடத் துருக்கி எளிமையானது. இருக்கிறான், இருக்கிறாள், இருக்கிறது என்று பால் பிரித்துச் சொல்லும் வேலை அங்கே இல்லை. மூன்றுக்கும் "ஒத்துருயோர்" ஒன்றே போதும். ஓரிடத்தில் நம்முடையது நுட்பமானது: நாம், நாங்கள் என்ற பிரிவு அவர்களுக்குக் கிடையாது.

உண்டு, இல்லை, அல்ல

கோயிலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். பூ கட்டிக்கொண்டிருந்த பெண்மணியிடம், "அக்கா, இப்போ திருப்பதி பஸ் உண்டா?" என்று தமிழில் கேட்டேன். "லேது சார், இப்புடே போயிந்தி" என்றார். அங்கேயே நிற்கலாமா என்ற சந்தேகத்தில், "பஸ் நிக்கற இடம் இதானே?" என்றேன். "காது காது, அக்கட" என்று கையை நீட்டினார். பிறகு நான் வெளியூர்க்காரன் என்று புரிந்து, "அந்தக் கடைகிட்ட நில்லுங்க" என்று தமிழில் முடித்தார்.

இந்தப் பேச்சில் வந்த "லேது", "காது" என்ற இரண்டு சொற்களுக்குள் துருக்கிப் பாடத்தின் இரண்டாம் பகுதி முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு பொருள் இல்லாதபோது "லேது". ஒன்று வேறொன்றாக இல்லாதபோது "காது". தமிழிலும் இந்தப் பிரிவு உண்டு: பேருந்து இல்லை, இது நிறுத்தம் அல்ல. ஆனால் பேச்சுத் தமிழில் "அல்ல" ஏறக்குறைய மறைந்து, "இல்லை"யே இரண்டு வேலையையும் பார்க்கிறது. தெலுங்கு பேசுகிறவர்கள் இன்றும் தெருவில், யோசிக்காமல், இரண்டையும் பிரித்துச் சொல்கிறார்கள்.

துருக்கியில் "உண்டு" என்பதற்கு "வார்". "இல்லை" என்பதற்கு "யோக்". "அல்ல" என்பதற்கு "தெயில்". நாகலாபுரம்’த பிர் தப்புனாக் வார்: நாகலாபுரத்தில் ஒரு கோயில் உண்டு. நாலு சொல்லுக்கு நாலு சொல், ஒரே வரிசை. "பிர்" என்றால் ஒன்று. நம் "ஒரு" நிற்கிற இடத்திலேயே நிற்கிறது. நாகலாபுரம் ஷெஹிர் தெயில், கசபா: நாகலாபுரம் மாநகரம் அல்ல, சிற்றூர்ப் பட்டணம். கேள்வியாக்க வேண்டுமென்றால், "வார் மு?" உண்டா? நம் கேள்வி ஆகாரம் நிற்கிற இடத்தில், கடைசியில், "மு" வருகிறது.

"உண்டு"வைப் போலவே "வார்" எண்ணுக்கும் பாலுக்கும் ஏற்ப மாறாது. கடை உண்டு, கடைகள் உண்டு. அதேபோல் எண்ணுப்பெயர் முன்னால் வந்தால் துருக்கியில் பன்மை விகுதி தேவையில்லை. "பத்து கடை, நாலு தெரு" என்று நாம் பேசுவதுபோலவே அவர்கள் எழுதவும் செய்கிறார்கள்.

"கசபா" என்ற சொல்லை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? வேலூர்ப் பக்கத்தில் "கஸ்பா" என்கிறார்களே, அதேதான். அரபியிலும் பாரசீகத்திலும் பிறந்த பல சொற்கள் ஒரு பக்கம் இஸ்தான்புல்லுக்கும் இன்னொரு பக்கம் ஆர்க்காட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. வீட்டைச் சுற்றியுள்ள பகுதிக்குத் துருக்கியில் "மஹல்லெ", நம் ஊர்ப் பள்ளிவாசல்களைச் சுற்றி அதுவே மஹல்லா. திறந்த வெளிக்கு "மெய்தான்", நமக்கு மைதானம். கடைக்கு "துக்கியான்", தெலுங்கில் துகாணம். குடியிருக்கும் இடத்தை விவரிக்கும் பாடத்தில் இந்தச் சொற்கள் எல்லாம் முதல் பக்கத்திலேயே வந்துவிடும்.

எந்த ஊர்க்காரர்?

டீக்கடையில் பெரியவர் ஒருவர், நான் சொன்ன "ஒரு டீ"யைக் கேட்டதும், "மீதி ஏ ஊரு சார்?" என்று விசாரித்தார். சென்னை என்றேன். "நேனு இக்கடி வாண்ணே" என்றார்: நான் இந்த ஊர்க்காரன்தான். டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, "நேனு புத்தூரு தான்னி" என்றார். அவர் புத்தூரில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவர்.

இந்த இரண்டு வாக்கியத்தின் முடிவையும் கவனிக்கவேண்டும். "வாண்ணி" என்பதில் "வாடு" என்ற பெயரோடு "நான்" என்பதைக் காட்டும் "னி" ஒட்டியிருக்கிறது. "தான்னி"யிலும் அப்படியே. பெயரே வினை போல ஆளைக் காட்டும் விகுதி ஏற்கிறது. துருக்கியிலும் இதே அமைப்புதான். நாகலாபுரம்லுயும்: நான் நாகலாபுரத்துக்காரன். இதில் "லு" என்பது "அந்த ஊரைச் சேர்ந்த" என்று பொருள் தரும் விகுதி. "யும்" என்பது "நான்". திருப்பதிலியிம்: நான் திருப்பதிக்காரன். புத்தூர்லுயும்: நான் புத்தூர்க்காரி. காரன், காரி என்ற வேறுபாடு மட்டும் துருக்கியில் இல்லை. உயிரிசைவு இங்கே இன்னும் நுட்பமாகிறது. முன்பு பார்த்த விகுதி நாக்கின் நிலையை மட்டும் பார்த்தது. இது உதடு குவிகிறதா என்பதையும் பார்க்கும். நாகலாபுரத்துக்குப் பின் வரும் "லு"வில் உதடு விரிந்திருக்கும், புத்தூருக்குப் பின் வரும் "லு"வில் உதடு குவிந்திருக்கும். துருக்கியர்கள் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கிறார்கள்.

உதடு விரிந்த அந்த உகரம் ஐரோப்பியரைத் திணற வைக்கும் ஒலி. தமிழருக்குத் திணறல் வேண்டியதில்லை. "காசு", "பாட்டு" என்று சொல்லும்போது கடைசியில் வருகிற குற்றியலுகரம் ஏறத்தாழ அதே ஒலிதான். தொல்காப்பியம் தனியே எடுத்துப் பேசும் அளவுக்கு நாம் அதைப் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறோம்.

பெயரில் ஆள்விகுதி ஒட்டுவதும் தமிழுக்கு அந்நியமல்ல. ஊரேன், நாட்டேன் என்று ஒரு காலத்தில் சொன்னோம். குறிப்பு வினைமுற்று என்று இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தது இதைத்தான். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்ற ஆறில் "இடம்" என்பது இங்கே வந்து நிற்கிறது. இன்று நம் பேச்சில் "அடியேன்" போல ஒன்றிரண்டுதான் மிச்சம். தெலுங்குக்காரர் டீக்கடையில் அதை உயிரோடு வைத்திருக்கிறார். துருக்கியிலும் அது உயிரோடு இருக்கிறது: எவ் என்றால் வீடு, எவ்தெ என்றால் வீட்டில், எவ்தெயிம் என்றால் வீட்டில் இருக்கிறேன்.

உயிரிசைவையும் தெலுங்கிடம் காணலாம். நான்காம் வேற்றுமைக்கு எழுத்துத் தெலுங்கில் இரண்டு உருவம் இருக்கின்றன. திருப்பதிக்கு என்பது "திருப்பதிகி". புத்தூருக்கு என்பது "புத்தூருகு". இகரத்தில் முடிந்த ஊருக்கு "கி", மற்றதற்கு "கு". இப்போது பேச்சில் "கி" பரவலாகிவிட்டாலும், இலக்கண நூல்கள் இரண்டையும் பிரித்தே சொல்கின்றன. திருப்பதி’தெ, புத்தூர்’த என்று துருக்கி பிரிப்பதற்குக் காரணமான காது, தெலுங்குக்கும் இருக்கிறது. நடுவில் தமிழ் இரண்டுக்கும் "-க்கு" என்று ஒன்றே வைத்திருக்கிறது.

முன்னால், எதிரில், பின்னால்

டீ குடித்துவிட்டுக் கோயில் தெருவில் திரும்ப நடந்தேன். வீட்டை விவரிக்க வேண்டுமென்றால் வேற்றுமை மட்டும் போதாது. எதற்கு முன்னால், எதற்கு எதிரில் என்று சொல்லத் தெரியவேண்டும். துருக்கி இதற்கு ஓர் அழகான வழி வைத்திருக்கிறது. "வீட்டின் முன்னால்" என்பதற்கு "எவின் ஒனுந்தெ". எவ் + இன் என்றால் வீட்டின். நம் ஆறாம் வேற்றுமையின் "இன்" போலவே ஒலித்து, அதே வேலையைச் செய்கிறது. இது தற்செயலான ஒலி ஒற்றுமைதான். ஆனால் நினைவில் வைக்க உதவும். அடுத்து "ஒன்" என்பது முன்பக்கம், "உ" என்பது "அதன்", கடைசியில் "தெ" என்பது "-இல்". முழுவதும் சேர்த்தால் "வீட்டின், அதன் முன்பக்கத்தில்". "ஒனுந்தெ"வின் முதல் உயிரைச் சொல்ல, "எ" என்று நாக்கை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் "ஒ" போலக் குவிக்கவேண்டும். தமிழில் இல்லாத இந்த ஒலிக்குப் பயிற்சி வேண்டும்.

இந்த ஒரு வார்ப்பில் மற்றதெல்லாம் வந்துவிடும். எவின் ஆர்கசுந்த, வீட்டின் பின்னால். எவின் யானுந்த, வீட்டின் பக்கத்தில். எவின் கர்ஷுசுந்த, வீட்டுக்கு எதிரில். எவின் இச்சிந்தெ, வீட்டுக்குள்ளே. தெருவில் கண்ணில் பட்டதை எல்லாம் இதில் போட்டுப் பார்த்தேன். கோயிலுக்கு எதிரே தேங்காய், பழத்தட்டு விற்கும் கடை இருந்தது. அதைத் துருக்கியில் சொல்ல "தப்புனாக்" என்ற சொல்லை எடுத்தால் கடைசிக் ககரம் கரைந்து "தப்புனாவுன் கர்ஷுசுந்த" என்றாகிறது. வீடு என்பதை "வீட்டின்" என்று வலித்து இரட்டிப்பது நம் வழக்கம். அதே இடத்தில் அவர்கள் மெலித்துக் கரைக்கிறார்கள். இரண்டு மொழியுமே, உருபு வரப்போகிறது என்பதைப் பெயரின் கடைசி ஓசையிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றன.

முகவரி சொல்லும் வரிசையும் ஒன்றுதான். "ஹிந்திஸ்தானுன் ஆந்திரப் பிரதேஷ் எயாலெத்திந்தெ": இந்தியாவின் ஆந்திரப் பிரதேச மாநிலத்தில். பெரியதிலிருந்து சிறியதற்கு வருகிறோம், உருபு கடைசியில் ஒரு முறை வந்தால் போதும். ஆங்கிலம் இதே செய்தியைத் தலைகீழாக அடுக்குகிறது. தமிழ் மாணவர் ஆங்கில வழியாகத் துருக்கி படிக்கும்போது, நேராக இருந்த வாக்கியத்தை ஒரு முறை கவிழ்த்து, மறுபடியும் நிமிர்த்துகிறார். அந்த உழைப்பு முழுவதும் வீண்.

திருப்பதியா, சித்தூரா?

நாகலாபுரம் எந்த மாவட்டம் என்று கேட்டால் இன்றும் சிலர் சித்தூர் என்றே சொல்கிறார்கள். 2022 ஏப்ரல் 4ஆம் தேதி ஆந்திரத்தில் புதிய மாவட்டங்கள் பிறந்தபோது நாகலாபுரம் திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. எல்லை நகர்வது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இரு மாநில எல்லை குறித்த பட்டாஸ்கர் தீர்ப்பின் அடிப்படையில் 1959இல் சட்டம் இயற்றி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்கும், சத்தியவேட்டுப் பகுதியை ஆந்திரத்துக்கும் மாற்றினார்கள். வீடு இருந்த இடத்திலேயே இருக்க, வீட்டுக்காரர் "எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு வேறு பதில் சொல்ல நேர்ந்தது.

இந்தச் சிக்கலைத் துருக்கியில் கேட்டால் பாடம் முழுவதும் ஒரே வாக்கியத்தில் திரண்டு வருகிறது. "நாகலாபுரம் திருப்பதி’தெ மி, சித்தூர்’த மு?" நாகலாபுரம் திருப்பதியிலா, சித்தூரிலா? திருப்பதியின் இகரம் "தெ"யை அழைக்கிறது, அந்தத் "தெ" கேள்விச் சொல்லை "மி" ஆக்குகிறது. சித்தூரின் ஊகாரம் "த"வை அழைக்கிறது, "த" கேள்விச் சொல்லை "மு" ஆக்குகிறது. ஓர் உயிர் அசைந்தால் அதன் பின்னால் வருவதெல்லாம் சேர்ந்து அசைகிறது.

பதில்: "எஸ்கிதென் சித்தூர் இலிந்தெய்தி, ஷிம்தி திருப்பதி இலிந்தெ." முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, இப்போது திருப்பதி மாவட்டத்தில். "இல்" என்பது துருக்கியில் மாவட்டத்தைப் போன்ற பெரிய நிர்வாகப் பிரிவு. அந்நாட்டில் அப்படி 81 இருக்கின்றன. இறந்தகாலம் காட்ட "தி" என்ற ஒன்றைக் கடைசியில் ஒட்டினால் போதும், "இருந்தது" என்ற பொருள் வந்துவிடுகிறது.

கால்டுவெல் பார்த்தது

துருக்கிக்கும் நம் மொழிகளுக்கும் உள்ள இந்த ஒற்றுமையை முதலில் பெரிதாக எடுத்துப் பேசியவர் ராபர்ட் கால்டுவெல். திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த அவர், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைத் துருக்கி, பின்னிய மொழி முதலியவை அடங்கிய "சித்திய" இனத்தோடு சேர்த்தார். ஒட்டிக்கொண்டே போகும் விகுதிகள், கடைசியில் வரும் வினை, பின்னால் வரும் உருபுகள் ஆகியவை அவரை அந்த முடிவுக்குக் கொண்டுபோயின. அந்த இன உறவை இன்றைய மொழியியல் ஏற்கவில்லை. அமைப்பு ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு மொழிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிடாது. ஒத்த தேவையிலிருந்து ஒத்த வழிகள் தனித்தனியே பிறக்கலாம். ஆனால் அவர் கண்ட அமைப்பு ஒற்றுமை பொய்யல்ல. உறவென்று நிரூபிக்க அது போதாது, கற்பதற்குத் தாராளமாகப் போதும்.

நாகலாபுரத்துத் தெருவில் நான் கண்ட முடிவு இதுதான். குடியிருக்கும் இடத்தைத் துருக்கியில் சொல்லத் தேவையான இலக்கணத்தில் மிகப் பெரும்பகுதி தமிழிலும் தெலுங்கிலுமாக இந்த ஊர் மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. சொல் வரிசை, "உண்டு", வினையின் பகுப்பு, குற்றியலுகரம், மெலிவு வலிவு ஆகியவற்றைத் தமிழ் தருகிறது. "லேது, காது" பிரிவு, பெயரில் ஒட்டும் ஆள்விகுதி, உயிரைப் பார்த்து மாறும் உருபு ஆகியவற்றைத் தெலுங்கு தருகிறது. புதிதாகக் கற்கவேண்டியவை உதடு குவிந்த முன்னுயிர்கள் இரண்டும், உயிரிசைவை எல்லா விகுதிக்கும் நீட்டுகிற பழக்கமும், சொற்களும்தான். தெலுங்குக் காவியமான ஆமுக்தமால்யதாவில் தமிழ்நாட்டு ஆண்டாளைத் தலைவியாக வைத்தவர் இந்த ஊரைக் கட்டிய அரசர். ஒரு மொழியின் செல்வத்தை இன்னொரு மொழியின் வழியாகப் பெறுவது இந்த மண்ணுக்குப் புதிய பழக்கமே அல்ல.

தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தில் துருக்கி மொழி கற்பிக்கிறார்கள். வேலைக்காகவும் படிப்புக்காகவும் துருக்கி போகும் நம் பிள்ளைகளும் கற்கிறார்கள். அவர்களுக்குத் தமிழிலிருந்து நேராகத் துருக்கிக்குப் போகும் ஒரு நல்ல இலக்கண நூல் வேண்டும். ஆங்கில நூலைத் தமிழாக்கித் தருவது அந்த வேலையைச் செய்யாது; பகுபத உறுப்பிலக்கணத்தையும் குறிப்பு வினைமுற்றையும் குற்றியலுகரத்தையும் தொடக்கப் படியாக வைத்து எழுதும் நூலே செய்யும். மொழியாசிரியர்களும் பதிப்பகங்களும் இதை எடுத்துச் செய்யவேண்டும்.

அதுவரை, துருக்கி படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்க்காதீர்கள். உங்கள் வீடு எந்தத் தெருவில், எதற்கு எதிரில், பக்கத்தில் என்ன உண்டு, என்ன இல்லை என்பதை முதலில் தமிழில் எழுதுங்கள். பிறகு சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் துருக்கிச் சொற்களை வையுங்கள். வாக்கியம் பெரும்பாலும் சரியாகவே வரும்.